போலிப் பக்கத்திடம் ஏமாறாத சாவி

2022 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. அதிலிருந்த இணைப்பைத் தொட்டால், நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தை அச்சு அசலாக ஒத்த போலிப் பக்கம் திறந்தது. மூன்று பேர் நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் ஆட்கள் அவர்கள். ஆனாலும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. கணினியில் செருகும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவியைச் செருகித் தொட்டால்தான் கணக்கு திறக்கும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. அதே நாட்களில் அதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ நிறுவனத்தில் வாடிக்கையாளர் தகவல்கள் பறிபோயின.

ஓடிபி எண்ணைக் கேட்பது உண்மையான தளமா, போலியா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு நம் தலையில் இருக்கிறது. அவசரத்திலும் களைப்பிலும் யாரும் தவறுவார்கள். சாவி அந்தப் பொறுப்பை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது அந்தத் தளத்தின் இணைய முகவரிக்கு மட்டும் உரிய ரகசிய எண்ணைச் சாவி உருவாக்குகிறது. அது சாவியை விட்டு வெளியே வருவதில்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சரியான பதில் கிடைக்காது. இதன் அருமை நம் நாட்டில் இன்னும் கூடுதல். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்மைச் சேராது. ஆனால் ரகசிய விவரங்களை நாமே கொடுத்துவிட்டால், புகார் தரும்வரை போன பணம் முழுவதும் நம் இழப்புதான்.

ஆகவே ஒரு சாவி வாங்குவது நல்லது. வாங்கும்போது பார்க்க வேண்டியது, இந்த நுட்பத்துக்கான ஃபிடோ 2 என்ற தரம் இருக்கிறதா என்பதை. ஸ்மார்ட் கார்டு போன்ற கூடுதல் வசதிகளுக்கு விலை ஏறும்; வீட்டு உபயோகத்துக்கு அவை தேவையில்லை. விலை உயர்ந்த ஒன்றைவிட எளிய இரண்டு சாவிகளே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று தொலைந்தால்? இந்தச் சாவியை எதிர்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. இரண்டாவது சாவியே அதற்கு விடை. ஆப்பிள் கணக்கில் இரண்டு சாவிகள் இல்லாமல் இந்த வசதியை இயக்கவே முடியாது. திருடு போனாலும், பின் எண் வைத்த சாவி, அந்த எண்ணைத் தொடர்ந்து எட்டு முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பிறர் பயன்படுத்திய பழைய சாவியை வாங்காதீர்கள். 2024 செப்டம்பரில், 5.7-க்கு முந்தைய மென்பொருள் கொண்ட யூபிகீ 5 என்ற வகைச் சாவிகளில் ஒரு குறை வெளியானது. சாவியே கைக்குக் கிடைத்து, விலை உயர்ந்த கருவியும் இருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்றாலும், யூபிகீயின் மென்பொருளை வாங்கிய பிறகு புதுப்பிக்க முடியாது.

கைப்பேசியிலேயே பாஸ்கீ இருக்கும்போது தனிச் சாவி எதற்கு என்றும் கேட்கலாம். பாஸ்கீயும் இதே நுட்பம்தான், நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் கூகுள் கணக்கிலோ ஆப்பிள் கணக்கிலோ சேமிக்கப்படுகிறது. அந்தத் தாய்க் கணக்கைக் காப்பது எது? மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழியும் மின்னஞ்சல்தான். அந்தத் தாய்க் கணக்கிலும் மின்னஞ்சலிலும் சாவியை வையுங்கள். வைத்த கையோடு, குறுஞ்செய்தி வழி நுழைவை நீக்கிவிடுங்கள். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: முன்வாசலில் இரும்புக் கதவு, கொல்லைப்புறம் திறந்தபடி. சாவி இல்லாதபோது உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, இரண்டாவது சாவியோடு வேறிடத்தில் வையுங்கள்.

சாவி எல்லாவற்றையும் காக்காது. யுபிஐ பணப்பரிமாற்றத்துக்கோ, போலீஸ் என்று மிரட்டும் தொலைபேசி அழைப்புக்கோ அதனிடம் பதில் இல்லை. கணினியில் புகுந்த வைரஸ், ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கைத் திருடலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வங்கியில் புகார் தந்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கியே பொறுப்பு.