இரண்டு தரைகளுக்கு நடுவே

முன்வாசலில் கிடக்கும் பழைய சிமெண்ட் தளத்தின் மேலேயே டைல்ஸ் போட முடியுமா என்று கேட்டால், அனுபவமுள்ள கொத்தனார் உடனே பதில் சொல்ல மாட்டார். கரண்டிப் பிடியால் தரையை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போவார். சில இடங்களில் கணீரென்று கேட்கும். சில இடங்களில் ‘டொப்’பென்று அமுங்கும். அமுங்கிய இடத்தில் மேல்பூச்சு கீழ்த்தளத்தை விட்டு விலகி, இடையில் மெல்லிய காற்றிடைவெளி விழுந்திருக்கிறது. பூச்சு மட்டும் தனியாக மத்தளத் தோல்போல அதிர்வதால்தான் அந்த ஓசை. அந்தப் பகுதிகளைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் கொத்தி எடுத்தால் போதும்.

மிச்சத்தை உடைக்க வேண்டியதில்லை. உடைக்கவும் கூடாது என்பேன். பல மழைக்காலங்களைக் கண்ட தளம் அது. அடியில் கொட்டிய மண் அமுங்க வேண்டிய அளவுக்கு அமுங்கி முடித்திருக்கும். அதைக் கிளறி மறுபடி நிரப்பினால் அந்த அமுக்கம் முதலிலிருந்து தொடங்கும்.

இனி எல்லாம் இரண்டு தரைகளும் சந்திக்கும் அந்த மெல்லிய பரப்பில்தான் இருக்கிறது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு வினைபுரிந்து, அந்தத் தண்ணீரைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது உருவாகும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக வளர்ந்து, பழைய தளத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. பிடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த வேரோட்டம்தான். பழைய தரை வறண்டு கிடந்தால் புதுக் கலவையின் தண்ணீரை அதுவே குடித்துவிடும்; சந்திப்பில் உள்ள சிமெண்ட் வினை முடியாமல் பொடியாக நின்றுபோகும். தண்ணீர் தேங்கி நின்றாலோ அந்த இடத்துக் கலவை நீர்த்துப்போகும். தளத்தை இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மேலே மினுமினுப்பு வற்றி, கறுத்த ஈரம் மட்டும் மிஞ்சும் நேரம்தான் சரியான நேரம். அப்போது சிமெண்ட் பாலைத் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையைப் பரப்ப வேண்டும்.

மெழுகு தேய்த்த ரெட் ஆக்சைடு தரையும் பாலிஷ் போட்ட மொசைக்கும் துளை அடைபட்டவை. கொத்திவிடாமல் அவற்றின் மேல் எதுவும் வேரூன்றாது. மேலே வரும் வெட்ரிஃபைட் டைல்ஸும் அப்படித்தான்; தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூட அது உறிஞ்சாது. வெறும் சிமெண்டுக்கு அதில் பிடி கிடைக்காது. பாலிமர் கலந்த டைல் பசை வேண்டும். அதையும் பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கிவிட்டால், உருண்டைகளுக்கு இடையில் மழைநீர் குடியேறும்.

அடுத்தது வெயில். சித்திரை மதியத்தில் கருநிற டைல்ஸ் 60 டிகிரியைத் தாண்டும். விடியலில் 28 டிகிரிக்கு இறங்கிவிடும். 30 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மீட்டர் நீள டைல்ஸ் வரிசை சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். 2 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றும். இரு முனைகளும் சுவரில் முட்டிக்கொண்டு, அடியில் பிடிப்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீள இடமில்லாத வரிசை நடுவில் கூரைபோல எழும்பித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பாதியும் 5 மீட்டருக்குப் பதில் 5.001 மீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: உச்சியின் உயரம் 10 சென்டிமீட்டர்! ஒரு நூலளவு நெருக்கம் ஒரு சாண் உயரத்தில் பாதியாக எழுகிறது. நிஜ வாசலில் ஓரளவு பிடிப்பு இருப்பதால் இந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் ஆளில்லாத நேரத்தில் ‘படார்’ என்று இரண்டு டைல்ஸ் முட்டி எழுவதற்குக் காரணம் இதே கணக்குதான். சுவரோரம் 8, 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சிமெண்டுக்குப் பதில் நெகிழும் சீலன்ட் வைத்து அடைத்தால் அந்த 2 மில்லிமீட்டருக்குப் போக்கிடம் கிடைத்துவிடும்.

பழைய தளத்தின் விரிசல் புதுத் தளத்திலும் அதே கோட்டில் தெரிவது பலருக்கு எரிச்சலூட்டும். கொத்தனாரைக் குறை சொல்வார்கள். பிடிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவு நிச்சயமாக விரிசல் மேலேறும் என்பதுதான் விசித்திரம். கோடையில் களிமண் சுருங்கி விரிசல் அரை மில்லிமீட்டர் அகன்றால், அந்த இழுப்பு முழுவதையும் அதற்கு நேர் மேலே உள்ள மயிரிழைப் பகுதியே தாங்க வேண்டியிருக்கிறது. விரிசலின் குறுக்கே சிறு பிளாஸ்டர் பட்டை வைத்து, பட்டை பிளக்கிறதா என்று ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கவனித்தால், அது இன்னும் அசையும் உயிருள்ள விரிசலா என்று தெரிந்துவிடும். உயிருள்ளதாக இருந்தால் டைல்ஸ் இணைப்பை அதே கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, அங்கும் சீலன்டைத்தான் நிரப்ப வேண்டும்.

வாட்டம் விஷயத்தில் பழைய தரையை நம்பக் கூடாது. 80க்கு 1 என்றால் 4 மீட்டர் வாசலுக்கு 5 சென்டிமீட்டர் சரிவு. 20 சதுர மீட்டர் வாசலில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். தெருப் பக்கமோ மழைநீர்த் தொட்டிப் பக்கமோ அது ஓடியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், தெருவே உயர்ந்துகொண்டிருக்கிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, சென்னையில் எத்தனையோ வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். வாசலை உயர்த்தும் முன் வீட்டு நிலைப்படிக்குக் கீழே எவ்வளவு மிஞ்சும் என்று டியூப் மட்டம் பிடித்துப் பார்ப்பது அவசியம். வீட்டுத் தரையைவிட வாசல் உயர்ந்தால் சுவர் ஈரம் குடிக்கும்.

இதே வேலையை மொட்டைமாடியில் செய்ய நினைப்பவர்களுக்கு வேறு கணக்கு. 5 சென்டிமீட்டர் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி ஒதுக்கும் புழங்கு சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். வாசலில் அந்த எடையைப் பூமி தாங்கிக்கொள்ளும். மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்து இறக்கிய பிறகு, பொறியாளரிடம் கேட்டுக்கொண்டுதான் புதியதை ஏற்ற வேண்டும்.