காலடியில் ஒரு ஜன்னல்

வடகனடாவின் கிங் வில்லியம் தீவையொட்டி, 24 மீட்டர் ஆழத்தில், 2016இல் 'டெரர்' கப்பலைக் கண்டுபிடித்தார்கள். உறைகடலில் சிக்கி 1848இல் மாலுமிகள் கைவிட்டுப் போன கப்பல் அது. கேப்டன் குரோசியரின் அறைக்கு நான்கு உயரமான ஜன்னல்கள். மூன்றில் கண்ணாடி அப்படியே இருந்தது. ஆழ்நீரின் அழுத்தம் அதை நொறுக்கவில்லையா? நொறுக்காது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இரண்டு பக்கமும் அழுத்தம் சமம். மிதக்கும்போதுதான் கண்ணாடிக்குக் கண்டம். ஓர் அலை ஓங்கி அறைந்தால் போதும்.

அதனால் அகன்ற ஜன்னல்கள் பின்புறத்து அதிகாரிகளுக்குத்தான். மாலுமிகள் முடங்கிய கீழ்த்தளம் பட்டப்பகலிலும் இருட்டு. தாரும் சணலும் மரமுமான இடத்தில் விளக்கு ஏற்றவும் பயம்.

ஆகவே மேல்தளப் பலகையில் துளையிட்டுக் கனத்த கண்ணாடிக் கட்டியைப் பதித்தார்கள். மேலே தட்டை, கால் இடறாது. கீழே தலைகீழ்க் கோபுரம்போலப் பட்டை பட்டையாகக் குவிந்து தொங்கும். நம் ஓட்டு வீட்டின் கண்ணாடி ஓடு தரையில் ஒரே இடத்தில் வெயிலை விழவைக்கும், சுற்றிலும் மங்கல். இங்கே ஒளி சாய்ந்த பட்டைகளில் மோதுகிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போது, கோணம் சுமார் 42 டிகிரியைத் தாண்டிய கதிர் வெளியேற முடியாமல் முழுதாக உள்ளேயே திரும்பும். மற்றவை வளைந்து வெளியேறும். இப்படித் திரும்பியும் வளைந்தும் வெளிச்சம் பக்கவாட்டில் அறையெங்கும் பரவுகிறது.

சில பழைய கட்டிகள் இளஊதாவாகத் தெரியும். அது சாயமல்ல. பச்சை நிறத்தைப் போக்கச் சேர்த்த மாங்கனீசு, பல்லாண்டு வெயிலின் புறஊதாக் கதிர்களால் நிறம் மாறியது.

அமெரிக்காவின் 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' கப்பலிலும் இந்தக் கண்ணாடி உண்டு. 1841இல் கட்டிய திமிங்கில வேட்டைக் கப்பல். 37 பயணம் போய் 1921இல் ஓய்ந்தது. மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் பழுதுபார்க்கப்பட்டு 2014இல் மறுபடி கடலுக்குப் போனது. ஊர் விளக்குகளுக்கெல்லாம் எண்ணெய் தேடி அலைந்த கப்பலுக்கே, பகலில் வெயில்தான் விளக்கு!

வந்த வழியே ஒளி திரும்பியும் போகும். நிலக்கரி ஏற்றிய கப்பல்களில் இது இன்னொரு விதத்தில் உதவியது. இரவுக் காவலுக்கு நிற்பவரின் காலடியில் கண்ணாடி செம்மஞ்சளாக மினுங்கினால், கீழே நெருப்பு.