ஒற்றை நூலில் ஒரு கழுத்துக் கயிறு

காவலூர் வானாய்வகத்தின் வாயிலாக அறிவியல் அன்பர்களுக்கு நன்கு அறிமுகமானது ஜவ்வாது மலை. அங்கே 1986ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களை ஆராய்கிறது. அதே மலையின் சரிவுகளில் மலையாளிப் பழங்குடி மக்கள் ஏர் பூட்டிச் சாமை விளைவிக்கிறார்கள். தொலைநோக்கியைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. ஏர் மாட்டின் கழுத்தில் கிடக்கும் கயிற்றைப் பற்றி இம்மாதம் காண்போம்.

மாட்டுப் பொங்கல் வந்தால் தமிழகத்துச் சிற்றூர்களில் எருதுகளுக்குக் கொம்பு சீவி, வண்ணம் பூசி, பழைய கயிறுகளைக் களைந்து புதியன பூட்டுவது வழக்கம். மூக்கணாங்கயிறு, தாம்புக் கயிறு ஆகியவை உழைக்கும் கயிறுகள். கழுத்தில் மணியும் குஞ்சமும் கோத்துக் கட்டுவது அழகுக் கயிறு. இரண்டும் கயிறுதான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் கன்றின் உயிருக்கே கேடு நேரலாம். ஏன் என்பதை அறிய, அழகுக் கயிறு ஒன்றை நாமே பின்னிப் பார்ப்பது நல்லது. செலவு அதிகமில்லை: ஒரு மூங்கில் துண்டும் ஓர் உருண்டை நூலும் போதும்.

நூல் கயிறாகும் மூன்று வழிகள்

நாரையோ நூலையோ கயிறாக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, திரித்தல். கற்றாழை நாரையோ புளிச்சை நாரையோ தொடையில் வைத்து உருட்டிக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் இரண்டு புரிகளையும் தனித்தனியே ஒரே திசையில் முறுக்குகிறார்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்குகிறார்கள். புரிகள் வலம்புரியானால் கயிறு இடம்புரி. புரிகள் இடம்புரியானால் கயிறு வலம்புரி. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும்போது, அம்முயற்சியே இரு புரிகளையும் மேலும் இறுகத் தழுவச் செய்கிறது. ஒன்றின் அவிழ்ச்சி மற்றொன்றின் பிடிப்பாகிறது. முறுக்கை ஒரே திசையில் மட்டும் ஏற்றினால், கையை எடுத்தவுடன் கயிறு பிரிந்துவிடும்.

இரண்டாவது, சடை பின்னுதல். இதற்குக் குறைந்தது மூன்று புரிகள் வேண்டும். பெண்களின் கூந்தல் பின்னலே இதற்குச் சான்று. ஓரப்புரி நடுவுக்கும் நடுப்புரி ஓரத்துக்கும் மாறி மாறிச் செல்கின்றன.

மூன்றாவது, வளையத்துக்குள் வளையம் இழுத்தல். இதற்கு ஒரே ஒரு நூல் போதும். நாம் உடுத்தும் பனியன் துணி இவ்வகையைச் சேர்ந்தது. சடைக்கும் பனியனுக்கும் ‘பின்னல்’ என்ற ஒரே சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். ஆனால் நூல் செல்லும் வழி இரண்டிலும் முற்றிலும் வேறு.

அரிசி மூட்டையில் ஒரு பாடம்

வளையப் பின்னலின் இயல்பை அரிசி மூட்டை நமக்கு எளிதாகக் கற்பிக்கும். மூட்டையின் வாய், சங்கிலித் தையலால் மூடப்பட்டிருக்கும். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால், ‘சர்’ரென்று தையல் முழுதும் ஒரே இழுப்பில் பிரிந்து வந்துவிடும். தவறான முனையை இழுத்தால் எவ்வளவு முயன்றாலும் வராது.

காரணம் எளிது. சங்கிலித் தையலில் ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்திய வளையத்தினுள் நுழைந்து, தனக்குப் பிந்திய வளையத்தால் பிடிக்கப்பட்டிருக்கிறது. கடைசி வளையத்தைப் பிடிக்க ஒருவருமில்லை. அதை உருவினால் அதற்கு முந்தியதும் பிடிப்பை இழக்கிறது. பிறகு அதற்கும் முந்தியது. இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கம்வரை எல்லாம் சரிகின்றன. இந்தச் சங்கிலிகள் நான்கை வட்டமாக நிறுத்தி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கிடைப்பதே நாம் பின்னப் போகும் அழகுக் கயிறு.

கருவி செய்யும் முறை

சுமார் 2 செ.மீ. உள்விட்டமுள்ள மூங்கில் குழலில் 8 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டை, கணு இல்லாத இடமாகப் பார்த்து, அரத்தால் அறுத்துக்கொள்க. இரு வாய்களையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குக. பிசிறு இருந்தால் நூல் சிக்கும்.

முற்காலத்தில் மரத்தாலான நூற்கண்டுக் கட்டையின் தலையில் நான்கு ஆணிகள் அடித்து இக்கருவியைச் செய்வார்கள். மூங்கிலின் விளிம்பில் ஆணி அடித்தால் அது பிளந்துவிடும். ஆகவே நான்கு மூங்கில் சிம்புகளைச் சீவி, குழலின் வெளிப்புறத்தில் சம இடைவெளியில் நிறுத்தி, நூலால் இறுகக் கட்டுக. சிம்பின் நுனி குழலின் வாய்க்கு மேலே 1 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். கிரீடம் போன்ற தோற்றத்தில் கருவி அமைந்துவிடும். வளையத்தைத் தூக்கிவிட, முனை மழுங்கிய கோணி ஊசி ஒன்று இருந்தால் போதும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். நைலான் நூல் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னர் காண்போம்.

பின்னும் முறை

1. நூலின் நுனியை மேல் வாய் வழியாகக் குழலுக்குள் விட்டு, கீழே ஒரு சாண் தொங்கும்படி இழுத்துக்கொள்க. இதை ‘வால்’ என்போம்.

2. நூலைக் குழலின் உட்புறமிருந்து எடுத்து, முதற் குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் உட்புறம் கொண்டு வருக. அடுத்த குச்சிக்கும் அவ்வாறே. நான்கு குச்சிகளிலும் ஒவ்வொரு வளையம் விழுந்துவிடும்.

3. இப்போது முதற் குச்சிக்குத் திரும்பிவிட்டோம். இம்முறை சுற்ற வேண்டாம். நூலைக் குச்சியின் வெளிப்புறத்தில், பழைய வளையத்துக்கு மேலாகக் கிடத்துக.

4. பழைய வளையத்தை ஊசியால் தூக்கி, கிடத்திய நூலின் மேலாகவும் குச்சியின் தலைக்கு மேலாகவும் கொண்டுபோய்க் குழலின் உட்புறம் தள்ளிவிடுக. கிடத்திய நூல் இப்போது புது வளையமாகிக் குச்சியில் நிற்கும்.

5. அடுத்த குச்சிக்குச் சென்று இதையே செய்க. எப்போதும் ஒரே திசையில் சுற்றி வருக. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வாலை மெதுவாகக் கீழே இழுத்துவிடுக.

சில சுற்றுகள்வரை ஒன்றும் தோன்றாது. மனந்தளர வேண்டாம். குழலின் நீளத்தைக் கடந்ததும் கீழ் வாயிலிருந்து உருண்டையான கயிறு எட்டிப் பார்க்கும்.

முடிக்கும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, ஊசியில் கோத்து, நான்கு வளையங்களையும் குச்சிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றினூடே அந்நூலைச் செலுத்தி இழுத்து முடிச்சிடுக. அரிசி மூட்டையின் பாடத்தை இங்கே மறக்கலாகாது. கடைசி வளையங்களைப் பிடித்து நிறுத்தாவிட்டால் முழு உழைப்பும் ஒரு நொடியில் நூலாகிவிடும்.

புதிதாகப் பழகுவோர் செய்யும் பிழை நூலை இறுக்கிப் பிடிப்பது. இறுகினால் வளையம் குச்சியைத் தாண்டாது. மிகத் தளர்ந்தால் கயிறு வலைபோல் ஆகிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிடி கைப்பழக்கத்தால் வரும். இடையில் வேறு வண்ண நூலை முடிச்சிட்டுச் சேர்த்தால் பட்டை பட்டையாக அழகு கூடும். முடிச்சு கயிற்றின் உள்ளே மறைந்துவிடும்.

நூல் எவ்வளவு வேண்டும்?

கயிறு முடியுமுன் நூல் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு ஒரு கணக்கு உண்டு. நூலில் மையால் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து சரியாக 10 சுற்றுப் பின்னி, மறுபடியும் புள்ளி வைக்கவும். அந்த 10 சுற்றில் கயிறு எவ்வளவு வளர்ந்தது என்று அளந்துகொண்டு, பிறகு அவற்றைப் பிரித்து, இரு புள்ளிகளுக்கும் இடையே நூலின் நீளத்தை அளக்கவும். கயிறு 5 செ.மீ. வளர, 80 செ.மீ. நூல் செலவானது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மீட்டர் கயிற்றுக்கு 16 மீட்டர் நூல் தேவை. உங்கள் நூலின் பருமனையும் கைப்பிடியையும் பொறுத்து இந்த எண் மாறும். ஆகவே நீங்களே அளந்து பார்ப்பதுதான் முறை.

பிரித்த நூலைச் சற்று உற்று நோக்குங்கள். அது நேராக இராது. அலை அலையாக நெளிந்திருக்கும். அதுவே அடுத்த கேள்விக்கு விடையாகும்.

இழுத்தால் ஏன் நீள்கிறது?

பின்னிய கயிற்றில் 10 செ.மீ. நீளத்துக்கு இரு அடையாளங்கள் இட்டு, அதன் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் சிறு கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். அடையாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் கூடும், கயிறு மெலியும். கல்லை எடுத்தால் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும். அதே நூலைப் பின்னாமல் தனியே தொங்கவிட்டுப் பார்த்தால் அவ்வளவு நீளாது.

நீண்டது நூலன்று, வளையத்தின் வடிவம். அகன்றிருந்த வளையம் இழுப்பில் ஒடுங்கி நெட்டையாகிறது. பக்கவாட்டில் கிடந்த நூல் நீளவாட்டுக்கு நகர்கிறது. பனியன் உடம்போடு ஒட்டி, மூச்சுக்கு ஏற்ப விரிந்து சுருங்குவதும் இதனால்தான். திரித்த கயிற்றில் இவ்வாறு நகர இடமில்லை. அதை இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, உராய்வு மிகுகிறது, பிடி வலுக்கிறது.

மூங்கில் குழலும் திருப்பூர் எந்திரமும்

இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த பாதிரியார் வில்லியம் லீ, 1589ஆம் ஆண்டில் பின்னல் எந்திரத்தை முதன்முதல் அமைத்தார். அது தட்டையான துணியையே பின்னியது. வட்டமாகப் பின்னும் எந்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தன. இன்று திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் எந்திரத்துக்கும் நம் மூங்கில் குழலுக்கும் தத்துவம் ஒன்றே. நமது நான்கு குச்சிகளுக்குப் பதிலாக அங்கே கொக்கி ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசிகளும் உள்ள எந்திரமானால், வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 2,260 ஊசிகள் வரும். பழைய வளையத்தைத் தூக்கிவிடும் வேலையை ஊசியே செய்துகொள்கிறது. நூல் திரும்பி வராமல் சுருள்வட்டமாகவே போவதால், குழாய் வடிவத்தில் துணி இறங்குகிறது. பக்கத்தில் தையலே இல்லாத பனியன் கிடைப்பது இப்படித்தான். மலையிலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூர் சென்றோர் அங்கே காண்பது, தங்கள் மூங்கிலில் பின்னத்தக்க கயிற்றின் பேருருவே.

தாம்பாக உதவுமா?

இனி, தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருவோம். பின்னிய கயிறு பருமனாக, உறுதியாகத் தோன்றும். கன்றைக் கட்டிப் போட இதுவே போதுமே என்று எண்ணத் தோன்றும். கூடாது.

நான்கு சங்கிலிகள் கொண்ட கயிற்றின் எந்த இடத்தில் பார்த்தாலும், வளையம் ஒன்றுக்கு இரண்டாக எட்டு இழைகள் நீளவாட்டில் செல்கின்றன. எட்டும் ஒரே நூலின் பகுதிகள். கன்றுக்குக் கயிற்றைக் கடித்து மெல்லும் பழக்கம் உண்டு. திரித்த தாம்பில் சில நார்கள் அறுந்தாலும், மற்றவை முறுக்கின் உராய்வால் அறுந்தவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னிய கயிற்றிலோ ஓரிடத்தில் இழை அறுந்தால், அந்த வளையம் விடுபட்டு, அது பிடித்திருந்த அடுத்த வளையமும் விடுபட்டு, ஏணிப் படிபோல் ஓட்டை நீளும். கிழிந்த பனியனில் இதைக் கண்டிருப்பீர்கள். காலையில் கட்டிப் போட்ட கன்று மாலையில் பள்ளத்தாக்கில் கிடக்க நேரலாம்.

ஆனால் இந்தக் குறையே வேறோரிடத்தில் நிறைவாகிறது. மலைச்சரிவில் மேயும் மாடு, உண்ணிச்செடிப் புதரில் கழுத்துக் கயிறு மாட்டிக்கொண்டு தவிப்பதுண்டு. அப்போது கயிறு அறாமல் நின்றால் கழுத்து நெரியும். அழகுக் கயிறு அறுந்துபோனால் நட்டம் சில மீட்டர் நூல் மட்டுமே, மாடு பிழைக்கும். எனவே அது நெகிழ்வதும் அறுவதும் நன்மையே. நைலான் நூல் வேண்டாம் என்றதும் இதனால்தான். அது எளிதில் அறாது, தோலையும் அறுக்கும்.

ஆகவே கழுத்துக் கயிற்றைக் கட்டும்போது மூன்றை நினைவிற் கொள்க. சுருக்கு விழும் முடிச்சுப் போடலாகாது. கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே நான்கு விரல் நுழையும் இடம் வேண்டும். இரு முனைகளையும் நேரே முடிச்சிடாமல், மெல்லிய ஒற்றைப் பருத்தி இழையால் இணைத்தால் மிக நன்று. இழுப்பு மிஞ்சினால் முதலில் அறுவது அந்த இழையாகவே இருக்கும். மின்சார இணைப்பில் உருகு கம்பி செய்யும் வேலையை இங்கே ஒரு நூலிழை செய்கிறது.

நாரும் நூலும் ஒன்றாகவே இருக்கலாம். அது திரிக்கப்படுகிறதா, சடையாகிறதா, வளையமாகிறதா என்பதே கயிற்றின் குணத்தை முடிவு செய்கிறது. வரும் பொங்கலுக்குள் ஒரு மீட்டர் பின்னிப் பாருங்கள். மாட்டின் கழுத்தில் அதைக் கட்டுங்கள். கன்றைக் கட்டிப் போடத் திரித்த தாம்பையே எடுங்கள்.