பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யும் முன்



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, நம் திண்டுக்கல் வட்டாரத்தில் பல மளிகைக் கடைகளின் பில் மேஜைக்கு வந்து சேர்ந்தது வீட்டில் கிடந்த கம்ப்யூட்டர்தான். பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கியதாக இருக்கும். அல்லது 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியாக இருக்கும். இன்று அவை தடுமாறுகின்றன. "ராம் கூட்டினால் போதும்" என்பார் ஒருவர். "போர்டையே மாற்றுங்கள்" என்பார் இன்னொருவர். வியாபார நேரத்தில் அலைச்சலும் செலவும் நமக்கு.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பாகத்தைத் தொட்டால் அடுத்ததும் சேர்ந்து வரும் என்பது. டி.டி.ஆர்-3 ராம் உள்ள போர்டில் டி.டி.ஆர்-4 ராம் பொருந்தாது. அதன் வெட்டே வேறு இடத்தில் இருக்கும். புது ராம் வேண்டுமென்றால் போர்டு மாற வேண்டும். போர்டு மாறினால் பெரும்பாலும் பிராசசரும் மாற வேண்டும். பொருந்துகிற ராமே கிடைத்தாலும், கம்ப்யூட்டரில் இருப்பது 32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டது வீண். 64-பிட்டுக்கு மாறலாம், ஆனால் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகலமான 25 பின் கேபிளைச் செருக புது போர்டுகள் பலவற்றில் இடமே இல்லை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புச் சேவை 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவை தேவை. இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கப்படும். ஆகவே 2017-க்கு முன் வாங்கியவற்றுக்கு முறைப்படி இந்த வழி இல்லை.

அப்படியானால் எதற்குச் செலவு செய்யலாம்? பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் கம்ப்யூட்டர் திறக்கும் வேகம் நன்றாகக் கூடும். கரண்ட் போய் வந்தால் தேதி பின்னுக்குப் போகிறதா? பில்லிலும் தவறான தேதி விழும். போர்டில் உள்ள சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்; அதன் விலை சொற்பம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது நம் கணக்கு. கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைக் கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கி அழிந்தால் யாரிடம் கேட்பது? ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யக் கெடு முடிந்த நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கான கெடு 2024 டிசம்பர் 31. எனவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருக்க வேண்டும்.

எனவே வணிகர்கள் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்வது நல்லது:

1. கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் கணக்கை இரண்டு பென் டிரைவில் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

2. எடுத்தது வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

3. பார்ட்டிவாரியான பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

4. ராம், போர்டு, விண்டோஸ், பிரிண்டர், கூலி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். தவணை தவணையாகச் சொல்லும் செலவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

5. நம் பில்லிங் புரோகிராமும் பிரிண்டரும் பிறகு ஓடும் என்று உறுதி பெற்ற பின்பே பணம் கொடுங்கள்.

மொத்தச் செலவு புது கம்ப்யூட்டர் விலையில் பாதியைத் தொட்டால், பழையதை விட்டுவிடுவதே லாபம். சரக்கு வேனுக்கும் நாம் இந்தக் கணக்கைத்தானே போடுகிறோம்!