டூக்கி சேஸ் உணவகம்

டூக்கி சேஸ் உணவகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஓர்லீன்ஸ் நகரின் ட்ரெமே பகுதியில் அமைந்துள்ள ஓர் உணவகம் ஆகும். கிரியோல் சமையலுக்குப் பெயர்பெற்ற இவ்வுணவகம், குடிசார் உரிமைகள் இயக்கத்தினர் கூடித் திட்டமிட்ட இடமாகவும் வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது.

கிரியோல் சமையல்

பிரெஞ்சு, எசுப்பானிய, ஆபிரிக்க, அமெரிக்கப் பழங்குடியினரின் சமையல் முறைகள் கலந்து நியூ ஓர்லீன்சில் உருவானதே கிரியோல் சமையல். வெங்காயம், செலரி, குடைமிளகாய் ஆகிய மூன்றும் இதன் அடிப்படை. இவற்றைச் சமையற்காரர்கள் "புனிதத் திரித்துவம்" என்பர். கம்போ என்னும் குழம்பு இச்சமையலின் அடையாளமாகக் கருதப்படுகிறது. வெண்டைக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லே இதன் பெயருக்கு மூலம். குழம்பைத் தடிப்பாக்க, கொழுப்பில் சிவக்க வறுத்த மாவு, வெண்டைக்காய், சோக்தா பழங்குடியினர் பயன்படுத்திய சசாஃப்ராஸ் இலைத்தூள் ஆகியவை பயன்படுகின்றன.

தோற்றம்

1941 இல் டூக்கி சேஸ், எமிலி சேஸ் இணையர் இதனைச் சிறு சான்ட்விச் கடையாகத் தொடங்கினர். கறுப்பினத்தவரின் வங்கிகள் அப்பகுதியில் இல்லாமையால், தொழிலாளர்கள் வெள்ளிக்கிழமைகளில் தம் சம்பளக் காசோலைகளை இங்கு மாற்றிக்கொண்டனர். 1946 இல் இவர்களின் மகனை மணந்த லியா சேஸ் (1923–2019), முன்னர் வெள்ளையர் உணவகத்தில் பரிமாறுபவராகப் பணியாற்றியவர். மேசைவிரிப்புடன் அமர்ந்து உண்ணும் உணவகங்கள் கறுப்பினத்தவருக்கு அரிதாக இருந்த காலத்தில், அவர் இக்கடையை அத்தகைய உணவகமாக மாற்றினார்.

குடிசார் உரிமைகள் இயக்கத்தில் பங்கு

அக்காலச் சட்டப்படி வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஓர் உணவகத்தில் சேர்ந்து உண்ணக் கூடாது. எனினும் இவ்வுணவகத்தின் மாடியறையில் இரு இனத்தவரும் கூடிக் கம்போ உண்டவாறே போராட்டங்களைத் திட்டமிட்டனர். உணவகத்திற்கு மக்களிடையே இருந்த செல்வாக்கினால் காவல்துறையினர் பெரும்பாலும் தலையிடவில்லை. மார்ட்டின் லூதர் கிங், வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் ஆகியோரும், 1961 இல் பேருந்துகளில் விடுதலைப் பயணம் மேற்கொண்டோரும் இங்கு உணவருந்தினர்.

உண்ணும் இடமே அன்றைய போராட்டத்தின் களமாகவும் இருந்தது. 1960 செப்டம்பரில் நியூ ஓர்லீன்சின் கெனால் தெருவில், வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவுமேடையில் அமர்ந்த நால்வர் கைது செய்யப்பட்டனர். அவர்களது தண்டனையை 1963 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்நால்வருள் ஒருவரான ரூடி லொம்பார்ட், பின்னர் சமையற்கலைஞர் நத்தானியேல் பர்ட்டனுடன் இணைந்து "கிரியோல் ஃபீஸ்ட்" (1978) என்ற நூலை வெளியிட்டார். கிரியோல் சமையலைப் பிரெஞ்சுக்காரரின் கொடையாக மட்டும் காணும் வழக்கத்திற்கு மாறாக, அதனை உருவாக்கி வளர்த்த கறுப்பினச் சமையற்கலைஞர்களை அந்நூல் முன்னிறுத்தியது. லியா சேசும் அவர்களுள் ஒருவர். பொது உணவகங்களில் இன ஒதுக்கலை 1964 ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம் தடைசெய்தது.

பிற்காலம்

2005 இல் கத்ரீனா சூறாவளியின் வெள்ளத்தில் உணவகம் பாதிக்கப்பட்டு மூடப்பட்டது. பலரின் உதவியால் 2007 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2009 இல் வெளிவந்த "த பிரின்சஸ் அண்ட் த ஃபுரொக்" என்னும் டிஸ்னி படத்தின் நாயகி தியானா, லியா சேசை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டவர். 2016 இல் லியா சேஸ் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றார். ஆண்டுதோறும் புனித வியாழனன்று பலவகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைக்கும் "கம்போ செர்ப்" இவ்வுணவகத்தின் புகழ்பெற்ற மரபாகும்.