ஒலிக் குறிகையின் முனைவுத்தன்மை

ஒலிக் குறிகையின் முனைவுத்தன்மை என்பது, மூல ஒலி காற்றில் உண்டாக்கிய அழுத்த உயர்வை ஒலிபெருக்கியும் உயர்வாகவே மீளத் தருகிறதா, அன்றித் தாழ்வாக மாற்றித் தருகிறதா என்பதைக் குறிக்கும். குறிகை தலைகீழானால், முன்னோக்கி நகரவேண்டிய ஒலிபெருக்கிக் கூம்பு பின்னோக்கி நகரும். வீட்டு இசைக் கருவிகளில் இம்மாற்றத்தைக் காதால் உணர முடியுமா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது.

இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்றின் கம்பிகள் மட்டும் மாறிப்போவது வேறு செய்தி. அப்போது இரண்டின் தாழ்சுர ஒலிகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். நடுவில் கேட்கவேண்டிய பாடகர் குரல் இடந்தெரியாமல் சிதறும். இதனை எவரும் உணர்வர். விவாதத்திற்குரியது இரண்டும் ஒருசேரத் தலைகீழாகும் நிலையே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வீண் குழப்பம் விளைகிறது.

== செவியும் அலைவடிவமும் ==

சைன் அலையைத் தலைகீழாக்கினால் அரைச் சுற்று நகர்ந்த அதே அலை கிடைக்கும். தொடர்ந்து ஒலிக்கையில் வேறுபாடு தெரியாது. மனிதக் குரல், டிரம்பெட் போன்றவற்றின் அலைகள் அவ்வாறு சமச்சீரானவை அல்ல. அவற்றின் முகடுகள் ஒரு பக்கத்தில் உயர்ந்திருக்கும். உட்செவியின் மயிர்க்கலங்களும் ஒரு திசையில் வளையும்போதே நரம்பைத் தூண்டுகின்றன. மறுதிசையில் தூண்டல் குறைகிறது. ஆகவே செவி முனைவுத்தன்மையை முற்றிலும் பொருட்படுத்தாது எனக் கூற இயலாது.

லிப்ஷிட்ஸ், போகாக், வாண்டர்கூய் ஆகியோர் 1982-ல் வெளியிட்ட ஆய்வு, சமச்சீரற்ற சோதனை ஒலிகளில் இம்மாற்றம் கேட்கக்கூடியது எனக் காட்டியது. கிரைனரும் மெல்ட்டனும் 1994-ல் வெளியிட்ட ஆய்விலும் தெரிந்தெடுத்த எளிய ஒலிகளில் வேறுபாடு புலப்பட்டது. எனினும் பல கருவிகள் கலந்த வழக்கமான இசையில் அதனை எளிதில் கண்டுகொள்ள முடியவில்லை. கிளார்க் ஜான்சன் 1988-ல் எழுதிய 'தி வுட் எஃபெக்ட்' என்னும் நூல் இதற்கு மிகுந்த முதன்மை அளித்தது. ஆய்வு முடிவுகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

சோதனையில் ஓர் இடரும் உண்டு. பல ஒலிபெருக்கிகளின் கூம்பு முன்னும் பின்னும் ஒரே சீராக நகர்வதில்லை. சமச்சீரற்ற குறிகை தலைகீழாகும்போது கருவி உண்டாக்கும் உருக்குலைவும் மாறும். கேட்பவர் உணர்ந்தது செவியின் இயல்பா, கருவியின் குறையா எனப் பிரித்தறிவது கடினம்.

== நடைமுறை ==

1995-ல் வெளியான ஏஇஎஸ்26 பரிந்துரை, நேர் அழுத்தம் நேர் மின்னழுத்தமாகப் பேணப்படவேண்டும் என வகுத்தது. ஆயினும் பல ஒலிவாங்கிகளால் பதிவுசெய்து கலக்கப்பட்ட பாடலில் ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு முனைவில் இருக்கக்கூடும். அதற்கு 'சரியான' முனைவு ஒன்று இருப்பதில்லை. மேலும், 12 டெசிபெல் சரிவுள்ள பிரிப்புச் சுற்றுகளைக் கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டிகள் பலவற்றில் உயர்சுர ஒலிபெருக்கி வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கப்படுகிறது.

வீட்டில் சோதிக்க விரும்புவோர் பெருக்கியை அணைத்துவிட்டு, இரு ஒலிபெருக்கிகளின் கம்பிகளையும் ஒருங்கே மாற்றவேண்டும். எந்நிலை என்பதைக் கேட்பவர் அறியாதவாறு வேறொருவர் மாற்றுவது நல்லது. ஒற்றைக் குரல் அல்லது தனி டிரம்பெட் பதிவு இதற்கு ஏற்றது.