தட்டில் வளரும் மூளைக் கலங்கள்

"மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அடுத்த கிழமை அந்தத் துண்டோடு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருவார்கள். "டொக்டர், அப்பாவுக்கு இதை வாங்கிக் குடுக்கலாமோ?" என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அது ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த மூளைக் கலங்களில் செய்த பரிசோதனையாக இருக்கும். அந்தக் கலங்கள் தட்டுக்கு எப்படி வந்தன என்பதைச் செய்தி சொல்வதில்லை.

மூளையில் நரம்புக்கலங்கள், அவற்றைத் தாங்கும் நட்சத்திர வடிவக் கலங்கள், காவல் காக்கும் மைக்ரோகிளியாக்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்க, மூளைத் துண்டைச் சிறிதாக வெட்டி நொதியத்தில் ஊற வைப்பார்கள். அடிக்கடி பயன்படுவது பப்பெயின். பப்பாசிப் பாலில் இருப்பதுதான். ஆட்டிறைச்சி மெதுவாக அவிய எங்கள் வீடுகளில் பப்பாசிக்காய்த் துண்டு போடுவார்களே, அதே வேலைதான் இங்கும். இது பெரும்பாலும் உடல் வெப்பநிலையில், 37 பாகை செல்சியஸ் அளவில் நடக்கும். நரம்புக்கலங்களின் நீண்ட கிளைகள் இதில் அறுந்து போகும்.

மைக்ரோகிளியாவின் கதை இன்னும் சிக்கலானது. மூளையில் காயம் என்றால் உடனே எழும்புவதே அதன் தொழில். வெட்டுவதும் ஊற வைப்பதும் அதற்குக் காயம்தான். பிரித்து முடிப்பதற்குள்ளேயே அழற்சிக்குரிய மரபணுக்கள் இயங்கத் தொடங்கிவிடும். ஆய்வாளர் அதைப் பார்த்து "நோயால் வந்த அழற்சி" என்று எண்ணக்கூடும். 2022இல் நேச்சர் நியூரோசயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு இதைச் சுண்டெலி மூளையில் தெளிவாகக் காட்டியது. புதிய ஆர்.என்.ஏ.யும் புரதமும் உருவாகாமல் தடுக்கும் மருந்துகளை முதலிலேயே சேர்த்தபோது அந்தப் போலி அழற்சி பெருமளவு மறைந்தது. குளிரில் வைத்துப் பிரிப்பதும் உதவும்.

நட்சத்திரக் கலங்களுக்கு 1980இல் வந்த முறை பல வருடங்கள் ஆட்சி செய்தது. அதில் கலங்களை விலங்குக் குருதியின் சீரத்தில் வளர்ப்பார்கள். ஆனால் நலமான மூளைக்குள் சீரம் அப்படிப் புகுவதில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையில் தடுப்பு இருக்கிறது. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாரஸின் குழு, பிறபொருளெதிரிகளால் இக்கலங்களைப் பிடித்தெடுத்துச் சீரமில்லாமல் வளர்த்தது. வடிவமும் மரபணு இயக்கமும் பழைய தட்டுகளில் கண்டதிலிருந்து வேறாக இருந்தன. பழைய முடிவுகள் சிலவற்றை மறுபடி பார்க்க வேண்டி வந்தது.

தட்டுப் பரிசோதனை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எந்த மருந்தும் தொடங்காது. ஆனால் தட்டில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்று முதலில் பாருங்கள். இப்படியான செய்தியை நம்பி, வைத்தியர் எழுதிய டொனெபெசில் குளிசையை நிறுத்திவிட்டுக் கடையில் போத்தல் வாங்கிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். குருதி உறையாமலிருக்க மருந்து எடுக்கும் முதியவருக்கு ஜிங்கோ போன்றவை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டலாம். அடுத்தமுறை வரும்போது பத்திரிகைத் துண்டோடு அந்தப் போத்தலையும் கொண்டு வாருங்கள்.